இரண்டாம் பாதி இழுக்கிறது என்றால் முதல் பாதியைத் திறந்து பாருங்கள்

வாசகர் கேள்வி: நான் எழுதிய திரைக்கதை 142 பக்கம். ஐந்து முறை திருத்திவிட்டேன். நாயகி, ஆவணங்களில் உள்ள கையெழுத்தைச் சோதித்துச் சொல்லும் நிபுணர். இறந்துபோன ஒரு செல்வந்தரின் உயில் அவளிடம் சோதனைக்கு வருகிறது. கையெழுத்து போலி என்று கண்டுபிடிக்கிறாள். பணம் வாங்கிக்கொண்டு அதைப் போட்டுக்கொடுத்தவன் தன் சொந்த அண்ணன் என்பது, எழுத்தின் சாய்வை வைத்து, 118ஆம் பக்கத்தில் அவளுக்குத் தெரிகிறது. படித்த மூன்று பேர் மூன்று குறை சொன்னார்கள்: இரண்டாம் பாதி இழுக்கிறது, நாயகி மனதில் நிற்கவில்லை, கிளைமாக்ஸ் போதவில்லை. இரண்டாம் பாதியில் பல காட்சிகளை வெட்டினேன். நாயகிக்குச் சிறுவயதுக் காட்சிகள் சேர்த்தேன். முடிவில் ஒரு துரத்தல் வைத்தேன். இப்போது முதல் பிரதியே மேல் என்று தோன்றுகிறது. பல்லாண்டு அனுபவமுள்ளவர்கள் எப்படித் திருத்துகிறார்கள்? இன்னொன்று: ஒரு தயாரிப்பாளர், “கதை பிடித்திருக்கிறது, நான் சொல்லும் மாற்றங்களோடு இன்னொரு முறை எழுதிக் கொடுங்கள், அப்புறம் ஒப்பந்தம் பேசலாம்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்:

உங்களிடம் மூன்று பேர் சொன்னது மூன்று குறை இல்லை, ஒரே குறை. கூரையில் ஒழுகும் இடமும் ஓடு உடைந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நீங்கள் ஒழுகிய மூன்று இடத்திலும் பாத்திரம் வைத்திருக்கிறீர்கள்.

உடைந்த ஓடு 118ஆம் பக்கத்தில் இருக்கிறது. நாயகி தன் அண்ணனைப் பற்றி அறியும் வரை அவள் இழக்கக்கூடியது எதுவுமே கதையில் இல்லை. ஏறக்குறைய 50ஆம் பக்கத்தில் ‘கையெழுத்து போலி’ என்று தெரிந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், அங்கிருந்து 118 வரை அவள் செய்வது ஒரே வேலை: ஒருவரைப் பார்க்கிறாள், கேட்கிறாள், ஒரு துண்டுத் தகவல் கிடைக்கிறது, அடுத்தவரைப் பார்க்கப் போகிறாள். இடம் மாறுகிறது, ஆள் மாறுகிறார், காட்சியின் வேலை மாறுவதில்லை. அதனால்தான் இழுக்கிறது. அதில் பாதியை வெட்டினாலும் மீதிப் பாதி அதே வேலையைத்தான் செய்யும்.

நாயகி மனதில் நிற்காததற்கும் அதுவே காரணம். ஒரு பாத்திரம் எப்படிப்பட்டது என்பது, எதைச் செய்தாலும் ஒன்றை இழந்தே ஆகவேண்டும் என்ற நிலையில் அது எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதில்தான் தெரியும். உங்கள் நாயகி 118 பக்கம் வரை திறமையாக வேலை செய்கிறாள், அவ்வளவே. சிறுவயதுக் காட்சிகள் அவளைப் பற்றிய தகவலைத் தருமே தவிர, அவளைத் தேர்வு செய்ய வைக்காது. கிளைமாக்ஸ் விஷயமும் அப்படித்தான். அண்ணன் என்று தெரிவது, அதிர்ச்சி, தடுமாற்றம், முடிவெடுத்தல், அதன் விளைவு எல்லாவற்றுக்கும் சேர்த்து 24 பக்கம்தான் மிச்சம். அதில் சில பக்கங்களை இப்போது துரத்தலுக்கும் கொடுத்துவிட்டீர்கள்.

ஆகவே முதல் வேலை, அந்தத் திருப்பத்தை 118இலிருந்து 60ஆம் பக்கத்தை ஒட்டிக் கொண்டுவருவது. ரகசியம் உடைந்துவிடுமே என்று பயப்படுவீர்கள். உடையட்டும். ‘யார் செய்தது’ என்ற கேள்விக்குப் பதிலாக ‘இவள் என்ன செய்யப்போகிறாள்’ என்ற கேள்வி கிடைக்கிறது. முதல் கேள்வியைப் பார்வையாளர் ஊகித்துவிட்டால் கதை அங்கேயே தீர்ந்துபோகும். இரண்டாவது கேள்விக்குப் பதில் ஊகித்தாலும், அவள் அதைச் செய்து முடிக்கும் வரை நிம்மதி இருக்காது.

இங்கே துறை சார்ந்த ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும். அசலைப் பார்த்து மெதுவாக வரைந்த அல்லது மேலே வைத்து நகலெடுத்த கையெழுத்தில், போட்டவருடைய சொந்தப் பழக்கம் மிகக் குறைவாகவே இருக்கும். ஆகவே சாய்வை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது நம்பும்படி இல்லை. அது போலி என்று சொல்ல நிறைய தடயம் கிடைக்கும்: கோட்டில் நடுக்கம், தேவையில்லாத இடத்தில் பேனாவை எடுத்து வைத்த அடையாளம், அழுத்தத்தில் ஏற்ற இறக்கம் இல்லாமை. எல்லாவற்றையும்விட உங்களுக்குப் பயன்படக்கூடிய ஓர் உண்மை உண்டு. ஒருவர் இரண்டு முறை போடும் கையெழுத்து அச்சாக ஒன்றுபோல் இருக்கவே இருக்காது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கோட்டுக்குக் கோடு பொருந்துகிறது என்றால், ஒன்றிலிருந்துதான் மற்றது எடுக்கப்பட்டிருக்கிறது. இதை 30ஆம் பக்கத்துக்குள் அவள் ஒரு பயிற்சி மாணவருக்குச் செய்துகாட்டட்டும். பிறகு 60இல், அண்ணன் வீட்டில் ஒரு பழைய கடிதம் அவள் கண்ணில் படுகிறது. கீழே அந்தச் செல்வந்தரின் கையெழுத்து. உயிலின் பிரதியை எடுத்து அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறாள். பொருந்துகிறது. ஒரு வசனமும் தேவையில்லை. பொருந்தினால் என்ன அர்த்தம் என்பது பார்வையாளருக்கு முன்பே தெரியும்.

அந்தக் கணத்தில் அவளுக்கு மூன்று வழி திறக்கிறது. உறவு இருப்பதைச் சொல்லி வழக்கிலிருந்து விலகலாம். சொல்லாமல் மறைத்து, உயில் உண்மையானது என்று அறிக்கை எழுதலாம். சொல்லாமல் மறைத்து, போலி என்று எழுதிவிட்டு அண்ணன் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளலாம். மூன்றிலும் இழப்பு உண்டு. விலகினால், ஏன் விலகினாள் என்ற கேள்வியே அண்ணனைக் காட்டிக்கொடுக்கும். இந்த மூன்றையும் அவள் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்ப்பதும், ஒவ்வொன்றும் ஏன் கைகொடுக்கவில்லை என்பதும்தான் உங்கள் இரண்டாம் பாதி. இங்கே கவனம் வேண்டும்: நிபுணருக்கு வழக்கில் உறவு இருந்தால் விலகவேண்டும் என்பது பார்வையாளர் தாமாகவே கேட்கும் கேள்வி. அதை நீங்கள் எழுப்பிப் பதில் சொல்லாவிட்டால், படித்துப் பார்க்கும் முதல் ஆளே கேட்டுவிடுவார்.

இனி, எப்படித் திருத்துவது என்ற கேள்விக்கு வருகிறேன். பல படங்கள் எழுதியவர்களும் உங்கள் அளவுக்கு, சில சமயம் அதைவிடவும் அதிகமாகத் திருத்துகிறார்கள். பெரிய மாற்றத்தை மலிவான கட்டத்திலேயே செய்துவிடுவதில்தான் வேறுபாடு. காட்சிக்கு ஒன்றாக அட்டையில் எழுதி வைத்திருந்தால், ஒரு காட்சியை இடம் மாற்ற ஒரு நிமிடம் போதும். எழுதி முடித்த பிரதியில் அதையே செய்ய ஒரு வாரம் ஆகலாம். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு என்றால் உடை, செட், நடிகர் தேதி என்று ஒரு குழுவே திண்டாடும்.

முதலில் இரண்டு வாரம் அந்தக் கோப்பைத் திறக்காதீர்கள். பிறகு, திறப்பதற்கு முன்பே, நினைவில் இருக்கும் காட்சிகளை வெள்ளைத்தாளில் வரிசையாக எழுதுங்கள். எழுதியவருக்கே நினைவுக்கு வராத காட்சி பார்வையாளருக்கு நிச்சயம் வராது. அடுத்து, காகிதத்தில் அச்செடுத்து ஒரே மூச்சில், கையில் பேனா இல்லாமல் படியுங்கள். பேனா இருந்தால் வாக்கியத்தைத் திருத்தத் தொடங்கிவிடுவீர்கள். இந்தக் கட்டத்தில் வாக்கியத்தைத் தொடுவது வீண் வேலை.

மூன்றாவதாக அட்டைகள். ஒரு காட்சிக்கு ஓர் அட்டை. காட்சி சராசரியாக இரண்டு பக்கம் என்றால் உங்களுக்கு எழுபது அட்டை வரும். மேல் வரியில் இடம், பகலா இரவா. அதன் கீழே மூன்றே விஷயம்: இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும், யார் அல்லது எது தடுக்கிறது, முடியும்போது என்ன மாறியிருக்கிறது. மூன்றாவதை ‘அவளுக்கு ஒரு விஷயம் தெரிகிறது’ என்று எழுத அனுமதிக்காதீர்கள். தெரிந்ததால் அவள் நிலை எப்படி மாறியது என்று எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அட்டையின் மூலையில் ஒரு புள்ளி வையுங்கள். எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தால், புள்ளி வைத்த அட்டைகள் தொடர்ந்து மூன்று நான்கு வரும் இடம் தெரியும். தொய்வு அங்கேதான்.

பக்கத்துப் பக்கத்து அட்டைகளை இடம் மாற்றியும் பாருங்கள். மாற்றி வைத்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், முதல் காட்சி இரண்டாவதற்குக் காரணமாக இல்லை என்று பொருள். உங்கள் விசாரணைக் காட்சிகளில் இது நிறைய நடக்கும் என்பது என் கணிப்பு. அப்படிப்பட்ட மூன்றை ஒன்றாக்குங்கள், அல்லது ஒருவர் சொன்ன பொய்யை நம்பி அவள் செய்த தவறு அடுத்த காட்சியைப் பிறப்பிக்கும்படி கட்டுங்கள்.

அட்டை வரிசை திருப்தியாகும் வரை பிரதியைத் தொடவேண்டாம். அதைக் கதை தெரியாத ஒருவருக்கு இருபது நிமிடத்தில் வாயால் சொல்லிப் பாருங்கள். நீங்களே வேகமாகத் தாண்டிப்போகும் இடத்தையும், ‘இங்கே ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்’ என்று பின்னால் போகும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்னது தேவையில்லாத காட்சி. பின்னது தவறான இடத்தில் இருக்கும் தகவல்.

திருப்பத்தை 60ஆம் பக்கத்துக்குக் கொண்டுவரும்போது உடையப்போவது தகவல்தான். யாருக்கு எது எப்போது தெரியும் என்பதற்கு ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் காட்சி எண்கள், மேலே பாத்திரங்களின் பெயர்கள், கட்டங்களில் அந்தப் பாத்திரம் அந்தக் காட்சியில் புதிதாக அறிவது. நாயகி அறிவது ஒரு நிறம், பார்வையாளர் அறிவது இன்னொரு நிறம். இதைச் செய்யாமல் காட்சிகளை நகர்த்தினால், 75ஆம் பக்கத்தில் அண்ணனோடு அவள் ஒன்றும் தெரியாதவள்போல் சிரித்துப் பேசும் பழைய வசனம் அப்படியே தங்கிவிடும். சில சமயம் அது நல்லதாகவும் அமையும். அதே வசனத்தை எல்லாம் தெரிந்துகொண்டு அவள் பேசினால் காட்சியின் அர்த்தமே மாறும். ஆனால் அது உங்கள் முடிவாக இருக்கவேண்டும், மறதியாக இருக்கக்கூடாது. கதை எத்தனை நாளில் நடக்கிறது என்ற நாள் கணக்கையும் அதே அட்டவணையில் ஓர் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

பிறகு எழுதும் கட்டம். ஒரு சுற்றுக்கு ஒரு நோக்கம் மட்டும். முதல் சுற்றில் புதிய வரிசைப்படி காட்சிகளை எழுதுவது. வசனம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து, அவர் வரும் காட்சிகளை மட்டும் தொடர்ச்சியாகப் படிப்பது. அண்ணனின் காட்சிகளைத் தனியாகப் படித்தால், அவன் ஏன் பணத்துக்கு ஒப்புக்கொண்டான் என்பது எங்குமே இல்லை என்பது போன்ற ஓட்டை தெரியும். கடைசிச் சுற்றுதான் வசனம்.

வசனம் ஏன் கடைசியில் என்றால், நன்றாக அமைந்த ஒரு வரி, போகவேண்டிய காட்சியைக் காப்பாற்றிவிடும். எழுதியவருக்கு அதை வெட்ட மனம் வராது. ஐந்து முறை மெருகேற்றிய வசனங்கள் உங்கள் பிரதியில் அப்படிப் பல காட்சிகளைத் தாங்கிப் பிடித்திருக்கும். வெட்டியவற்றுக்கென்று தனிக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். அழிக்கவில்லை, ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் கை துணிந்து வெட்டும். வசனச் சுற்றில் ஒவ்வொரு காட்சியிலும் முதல் இரண்டு வரியையும் கடைசி இரண்டு வரியையும் மறைத்துக்கொண்டு படியுங்கள். பல காட்சிகளில் அவை இல்லாமலே புரியும். பேசுபவர் பெயரை மறைத்தாலும் யார் பேசுகிறார் என்று தெரிகிறதா என்றும் பாருங்கள்.

நீளத்தைப் பற்றி ஒன்று. ‘ஒரு பக்கம் ஒரு நிமிடம்’ என்ற கணக்கை நம்பி 142 நிமிடம் என்று நினைத்திருந்தால், அந்தக் கணக்கு கூரியர் எழுத்துரு, 12 புள்ளி அளவு, அங்குலத்துக்குப் பத்து எழுத்து, இடப்பக்கம் ஒன்றரை அங்குல ஓரம் என்ற ஆங்கிலப் பக்க அமைப்பில் பிறந்தது. தமிழ் எழுத்துருக்களில் எழுத்தின் அகலம் ஒன்றுபோல் இருப்பதில்லை. எழுத்துருவை மாற்றினாலே பக்க எண்ணிக்கை மாறிவிடும். உங்கள் பிரதியில் வெவ்வேறு இடங்களிலிருந்து பத்துப் பக்கம் எடுத்து, வசனத்தை வாய்விட்டுப் பேசி, செயல்களை மனதில் நடத்திப் பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துக்கு எத்தனை விநாடி என்பது கிடைக்கும். ‘அவள் அறை முழுக்கத் தேடுகிறாள்’ என்ற ஒற்றை வரி இரண்டு நிமிடம் ஓடலாம். ஒரு பக்கம் நிறைந்த வாக்குவாதம் நாற்பது விநாடியில் முடியலாம்.

எல்லாம் முடிந்ததும் வாசிப்பு. நான்கைந்து பேர் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு படிக்கட்டும், காட்சி விவரணையை வேறொருவர் படிக்கட்டும். நீங்கள் எதையும் படிக்கவோ விளக்கவோ கூடாது. நாக்கு தடுமாறும் வரியையும், கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடத்தையும், தாளைப் புரட்டி இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ‘பிடித்ததா’ என்று கேட்காதீர்கள். முதல்முறை கவனம் சிதறிய பக்கம் எது, பாதியில் நிறுத்தியிருந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள், யாருக்காகக் கவலைப்பட்டீர்கள் என்று கேளுங்கள். எங்கே சிரமப்பட்டோம் என்பதில் படிப்பவர்கள் தவறுவதே இல்லை. அதற்கு அவர்கள் சொல்லும் மருந்து பெரும்பாலும் பொருந்தாது. அவர்கள் காட்டும் பக்கத்துக்கு இருபது முப்பது பக்கம் முன்னால் போய்த் தேடுங்கள்.

இரண்டு வார இடைவெளி, அட்டைக்கும் அட்டவணைக்கும் இரண்டு வாரம், முதல் சுற்றுக்கு நாளைக்கு நான்கு பக்கம் என்று ஐந்து வாரம், மற்ற சுற்றுகளுக்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய மூன்று மாத வேலை. வேறு வேலையில் இருந்துகொண்டு எழுதினால் இன்னும் கூடும்.

தயாரிப்பாளர் விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன திருத்தம் உங்கள் கதைக்குத் தேவை, அதை உங்களுக்காகச் செய்யுங்கள். அவர் சொல்லும் மாற்றங்களை எழுதித் தருவது அவருக்குச் செய்யும் வேலை, அதற்கு ஊதியம் உண்டு. இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தால் ஊதியம் போவது மட்டும் இல்லை. அவர் சொன்ன மாற்றங்கள் எழுத்தில் எந்த ஏற்பாடும் இல்லாமல் உங்கள் பிரதிக்குள் வந்துவிட்டால், நாளை நீங்கள் அதை வேறொருவரிடம் கொண்டுபோகும்போது அவரும் பங்கு கேட்கலாம்.

இது புதியவர்களுக்கு மட்டும் நேரும் சிக்கலும் இல்லை. அமெரிக்காவில் 2023 மே 2 தொடங்கி 148 நாள் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. ஒரே ஒரு பிரதிக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, திருத்தங்களை இலவசமாக வாங்கும் வழக்கம் பரவியிருந்தது. குறிப்பிட்ட ஊதிய வரம்புக்குள் இருக்கும் திரைக்கதை எழுத்தாளர்களுக்கு இரண்டாம் கட்ட எழுத்துக்கும் ஊதியம் உறுதி என்பது வேலைநிறுத்தத்தை முடித்துவைத்த உடன்படிக்கையில் சேர்ந்தது.

உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டியவை பெரிய சட்ட நுணுக்கங்கள் ஒன்றும் இல்லை. எத்தனை திருத்தம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாரம், படித்துக் கருத்துச் சொல்ல அவர்களுக்கு எத்தனை நாள் என்பது எண்ணாக இருக்கவேண்டும். பணம் ‘பிரதி ஏற்கப்பட்டதும்’ என்று இருந்தால் ஒப்பாதீர்கள், ‘ஒப்படைத்ததும்’ என்று இருக்கட்டும். ஏற்பதற்கு முடிவே இல்லாமல் போகலாம். முழு விலை கொடுக்க இப்போது அவருக்கு வசதி இல்லை என்றால், ஒரு சிறு தொகைக்குப் பன்னிரண்டு அல்லது பதினெட்டு மாதம் வேறு யாருக்கும் தருவதில்லை என்று உறுதி கொடுக்கலாம். கெடு முடிந்தால் கதையும், இடையில் எழுதிய திருத்தங்களும் சேர்ந்து உங்களிடமே திரும்பும் என்று அதில் எழுதப்பட்டிருக்கவேண்டும். திரையில் உங்கள் பெயர் எப்படி வரும் என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

பதிப்புரிமை குறித்துப் பதற்றம் வேண்டாம். 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எழுதிய படைப்புக்குப் பாதுகாப்பு கிடைக்கப் பதிவு கட்டாயம் இல்லை. பதிவு, இன்ன தேதியில் இது உங்களிடம் இருந்தது என்பதற்குச் சான்று. பாதுகாப்பு, எழுதிய வடிவத்துக்குத்தான். ‘கையெழுத்து நிபுணரின் அண்ணனே குற்றவாளி’ என்ற வெறும் யோசனைக்குக் கிடையாது. ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

அவருக்கு இப்போதே இரண்டு பத்தியில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முதல் பத்தியில், அவர் சொன்ன மாற்றங்கள் என்று நீங்கள் புரிந்துகொண்டதை அப்படியே எழுதுங்கள். ‘இதுதானே?’ என்ற கேள்வியோடு முடியட்டும். இரண்டாவதில், இந்தத் திருத்தத்துக்கு இத்தனை வாரம் ஆகும், ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் தொடங்கிவிடுவேன் என்று எழுதுங்கள். அதற்கு அவர் பதில் போடும் வரை, அட்டை வரிசையைப் பற்றி வாயால் பேசுங்கள். பக்கம் எதையும் அனுப்பாதீர்கள்.